சோனகத் தமிழ்

இலங்கைக் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் மதத்துக்கு ஒரு கேள்வி உண்டு. இனத்துக்குத் தனியாக இன்னொரு கேள்வி உண்டு. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இந்த இரண்டாம் கேள்வியில் மூன்றாகப் பிரிந்துவிடுகிறார்கள்: இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று எழுதப்படும் மலையகத்தார், இலங்கைச் சோனகர். (தமிழகக் கரையிலிருந்து போன முன்னோரைக் கொண்ட செட்டிகளுக்கும் பரதர்களுக்கும்கூட 2012ஆம் ஆண்டுக் கணக்கில் தனித்தனிப் பெயர் இருந்தது.) அந்த ஆண்டு சோனகர் 18 இலட்சத்து 90 ஆயிரம் பேர் அளவில் இருந்தனர், நாட்டு மக்களில் 9 சதவீதத்துக்குச் சற்று மேல். இவர்களில் பெரும்பாலோரின் தாய்மொழி தமிழ். ஆனாலும் காத்தான்குடியிலோ பேருவளையிலோ ஒருவரிடம் “நீங்க தமிழரா?” என்று கேட்டால், “இல்ல, நாங்க முஸ்லிம்” என்ற மறுமொழி தமிழிலேயே வரும். அதில் முரண் எதுவும் இருப்பதாகச் சொல்பவருக்கும் தோன்றாது, கேட்பவருக்கும் தோன்றாது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். இக்கரையில், கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ அதே கேள்வியைக் கேட்டால், கேட்டவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அங்கே முஸ்லிம் என்பதும் தமிழர் என்பதும் ஒன்றையொன்று தள்ளும் சொற்களல்ல. மதம் ஒன்று, மொழி ஒன்று, நூற்றாண்டுக் கணக்கில் ஒரே தோணியில் சரக்கு ஏற்றிய உறவு வேறு. அப்படியிருந்தும் ஒரு கரையில் மொழி ஒருவரைத் தமிழராக்குகிறது, மறுகரையில் ஆக்கவில்லை. மொழியும் பண்பாடும் ஒரு மனிதரின் சமூக அடையாளத்தை வார்க்கின்றன என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. எங்கே வார்க்கின்றன, எங்கே மறுத்துவிடுகின்றன என்று பார்ப்பதற்குச் சோனகர் வரலாறு நல்ல இடம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். சங்க நூல்கள் கடல் கடந்து வந்த கிரேக்க, உரோம வணிகரை யவனர் என்றன. யவனர் யோனகராகி, யோனகர் சோனகராகி, காலப்போக்கில் அதே கடல்வழியில் வந்த அரபியரைக் குறித்தது அச்சொல். பிறகு அரபியரின் வழிவந்தோருக்கும் அவர்களோடு சேர்ந்து இஸ்லாத்தைத் தழுவிய உள்ளூராருக்கும் உரியதாயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கீசர், தங்கள் நாட்டில் வட ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்கு வைத்திருந்த பெயரையே இங்கும் ஒட்டினார்கள். ‘மூர்’ என்ற அந்தச் சொல் இன்றும் ஆங்கில ஆவணங்களில் இருக்கிறது. மொரோக்கோவுக்கும் பேருவளைக்கும் எந்த ஒட்டும் இல்லை. சிங்களத்தில் ‘மரக்கல’ என்ற பெயர் உண்டு. தமிழின் மரக்கலத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படுவது. இவை எல்லாமே பிறர் வைத்த பெயர்கள், எல்லாமே கடலைப் பார்த்து வைத்த பெயர்கள். ஆயிரம் ஆண்டு ஒரே மண்ணில் இருந்தவர்களை, வந்தவர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்த பெயர்கள்.

இந்தச் சமூகத்தின் தமிழ் தனித்த சாயல் உடையது. அப்பா வாப்பா, அம்மா உம்மா, அக்கா ராத்தா. அண்ணன் கிழக்கிலங்கையில் காக்கா, கொழும்புப் பக்கம் நானா. காக்கா காயல்பட்டினத்திலும் உண்டு, நானா நாகூர், காரைக்கால் பக்கமும் உண்டு. கப்பல் போன வழியை இன்றும் இந்த இரண்டு சொற்களைக் கொண்டு வரைந்துவிடலாம். ஆனால் மாமி, மச்சான், மச்சி ஆகியவை மாறவில்லை. பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அழைக்கும் சொற்கள் புதிதாயின. யாரை மணக்கலாம் யாரை மணக்கலாகாது என்று வகுக்கும் உறவுச் சொற்கள் பழைய தமிழாகவே நின்றன. குடும்பத்தின் முற்றம் அரபுக் கடலைப் பார்த்தாலும் அடித்தளம் திராவிட உறவுமுறைதான்.

வழிபாட்டுச் சொற்கள் இன்னும் வியப்பானவை. வட இந்திய முஸ்லிம்கள் நமாஸ் என்றும் ரோஜா என்றும் பாரசீகச் சொற்களை எடுத்துக்கொள்ள, தமிழ் முஸ்லிம்கள் தொழுகை என்றார்கள், நோன்பு என்றார்கள், பெருநாள் என்றார்கள். வணங்கும் இடம் பள்ளிவாசல். பள்ளி என்பது சமணத் துறவியர் உறைவிடத்துக்குத் தமிழில் வழங்கிய சொல். நோன்பும் சமணருக்கும் சைவ வைணவருக்கும் பொதுவான சொல். இஸ்லாம் தமிழுக்கு வந்தபோது தமிழின் பழைய சமயச் சொற்களில் குடியேறியது. இதற்கு மறுபுறமும் உண்டு. மற்ற தமிழர் கைவிட்ட சில பழஞ்சொற்களை முஸ்லிம்களின் தமிழ் காத்து வைத்தது: குழம்புக்கு ஆணம் என்பதும், காலை உணவு உண்பதைப் பசியாறுதல் என்பதும் அவ்வகை. இன்று ‘முஸ்லிம் பேச்சு’ என்று அடையாளம் காட்டும் சொற்களில் ஒரு பங்கு இப்படிப்பட்ட தூய தமிழ். கேட்கிறவர் காதுக்கு அது வேறு சமூகத்தின் சொல்லாகப் படுகிறது என்பது மொழி வரலாற்றின் சிறு குறும்பு.

எழுத்திலும் ஒரு தனிவழி இருந்தது. அரபுத்தமிழ் அல்லது அர்வி எனப்பட்ட முறையில் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகள் சேர்த்துக்கொண்டனர். ஓதக் கற்ற ஒரு பெண், தமிழ் எழுத்து அறியாமலே தமிழ் நூலைப் படிக்க முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வகை நூல்கள் அச்சேறி இரு கரைக்கும் போயின. பக்கத்து வீட்டுக்காரருக்குக் காதால் கேட்டால் விளங்கும், கண்ணால் பார்த்தால் விளங்காது. ஒரே மொழிக்குள் ஒரு வேலி எப்படி எழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உருவம் கிடைப்பது அரிது. ஆனால் வேலி வேறு, பிரிவினை வேறு. அதே வழக்கம் இருந்த கீழக்கரையில் அது தனி இனம் என்ற உரிமைக் கோரிக்கையாக வளரவில்லை. அந்தக் கோரிக்கைக்கு அரசியல் காரணம் ஒன்று வேண்டியிருந்தது.

இலங்கையில் அது 1885இல் வந்தது. ஆங்கிலேயரின் சட்டநிரூபண சபையில் தமிழ் பேசுவோர் அனைவருக்கும் பிரதிநிதியாக இருந்தவர் பொன்னம்பலம் இராமநாதன். சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால்தான் முஸ்லிம்கள் என்று அவர் சபையில் கூறினார். 1888இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் அதையே ஆய்வுரையாகப் படித்தார். மொழி, தாலி கட்டுதல் போன்ற திருமண வழக்கங்கள், உடலமைப்பு ஆகியவை அவர் காட்டிய சான்றுகள். அது வெறும் அறிவுத் தேடல் அல்ல என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. சோனகர் தமிழர் என்றால் சபையில் அவர்களுக்குத் தனி இருக்கை எதற்கு? ஆங்கில அரசு வேறுவிதமாக முடிவு செய்தது. 1889இல் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் நியமிக்கப்பட்டார்.

இராமநாதனுக்கு விரிவான மறுப்பு 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸிடமிருந்து வந்தது. சோனகரின் முன்னோர் பேருவளை முதலிய துறைகளில் குடியேறிய அரபியர்; தமிழ் அவர்கள் வணிகத்துக்கும் வாழ்வுக்குமாக எடுத்துக்கொண்ட மொழி; மொழியைக் கொண்டு இனத்தை முடிவு செய்ய முடியாது என்பது அவர் வாதம். இரண்டு வாதங்களையும் இன்று படித்தால், இருவரும் எதிரெதிராக நின்றுகொண்டு ஒரே தவறைச் செய்வது தெரிகிறது. முன்னோர் யார் என்பது தீர்ந்தால் இன்றைய மனிதர் யார் என்பதும் தீர்ந்துவிடும் என்று இருவரும் நம்பினார்கள். இரத்தக் கலப்பு வரலாற்றில் இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. தந்தைவழியில் அரபியர் வந்ததும், தாய்வழியில் உள்ளூர்ப் பெண்கள் சேர்ந்ததும், உள்ளூர் ஆண்கள் மதம் மாறியதும் எல்லாம் நடந்தவை. ஆனால் சோனகர் தனிச் சமூகமாக நின்றது மூதாதையர் பட்டியலால் அல்ல. இனக்குழுக்களைக் காப்பது அவற்றுக்குள் இருக்கும் பண்பாட்டுச் சரக்கு அல்ல, அவை ஒன்றுக்கொன்று போட்டுக்கொள்ளும் எல்லைக்கோடு என்று நார்வே மானிடவியலர் ஃபிரெட்ரிக் பார்த் 1969இல் எழுதினார். இராமநாதன் சரக்கை எண்ணிக்கொண்டிருந்தபோதே கோடு வரையப்பட்டுக்கொண்டிருந்தது. வரைந்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்த ஆண்டுகளில் கோட்டுக்கு வண்ணம் தந்தது ஒரு தொப்பி. எகிப்தில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்த ஒராபி பாஷாவை 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். 1901 வரை அவர் அங்கே இருந்தார். அவரையும் அவருடைய தோழர்களையும் பார்த்துச் சோனகரில் வசதியுள்ளோர் சிவப்புத் துருக்கித் தொப்பி அணியத் தொடங்கினர். 1905இல் எம்.சி. அப்துல் காதர் என்ற வழக்கறிஞர் அந்தத் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் வாதாடத் தலைமை நீதிபதி அனுமதிக்கவில்லை. அதை எதிர்த்து அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று கொழும்பு மருதானையில் பெருங்கூட்டம் கூடியது. அடுத்த ஆண்டு அனுமதி கிடைத்தது. இருபது ஆண்டுக்கு முன் அந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் பார்த்தேயிராத ஒரு தொப்பி, நீதிமன்றத்தில் காக்க வேண்டிய மரபாக மாறியிருந்தது. மரபுகள் பழையவையாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. பறிக்கப்படும்போது அவை பழையவையாகிவிடுகின்றன.

இதே காலத்தில், இதே ஆட்களின் நடுவில், நேர் எதிரான இன்னொரு வேலையும் நடந்தது. கண்டியைச் சேர்ந்த சித்தி லெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ் இதழைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டார். இலங்கையின் முதல் தமிழ் நாவலாக அதைத்தான் குறிப்பிடுவார்கள். இராமநாதன் சபையில் பேசியதும் இந்த நாவல் வந்ததும் ஒரே ஆண்டு. சோனகர் தமிழரா என்று மற்றவர்கள் வழக்காடிக்கொண்டிருந்த வேளையில், ஒரு சோனகர் தமிழுக்குப் புதிய இலக்கிய வகை ஒன்றைக் கொண்டுவந்துகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் கைப்பொருள். அடையாளத்துக்கு வேறு சொல் வைத்திருந்தார்.

1915இல் சிங்களரும் முஸ்லிம்களும் மோதிய கலவரமும், கைதான சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் வாதாடியதும் முஸ்லிம்களின் மனத்தில் 1885இன் பேச்சோடு சேர்ந்து பதிந்தன. அதன்பின் அந்த ஆய்வுரையைக் கல்வியுரையாக யாரும் படிக்கவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவர்களின் நிலையை இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மதம் மாறியது இனத்தை மாற்றும் என்றால் அவர்களும் தனி இனமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கி ஈழத்தமிழரின் பெருந்தலைவராக விளங்கிய செல்வநாயகம் கிறிஸ்தவர். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர் தம் சாதியோடும் உறவினரோடும் இருந்தபடியே மதம் மாறினார். ஒரே வீட்டில் ஒருவர் கோயிலுக்கும் ஒருவர் தேவாலயத்துக்கும் போனார்கள். முஸ்லிம் ஆனவர் சாதியை விட்டு வெளியே வந்து, தனித் தெருவும் தனி மண உறவும் கொண்ட ஒரு சமூகத்துக்குள் நுழைந்தார். எனவே முடிவு செய்தது மதம்கூட அல்ல, பந்தியும் சம்பந்தமும். யாழ்ப்பாணத்தில் சோனகத் தெரு இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

கிழக்கு மாகாணத்தில் நிலைமை சிக்கலானது, சுவையானதும்கூட. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஊர் விட்டு ஊர் மாறி மாறி வாழ்கிறார்கள். இரு சாராரும் தாய்வழிக் ‘குடி’ முறை உடையவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைத்துக்கொள்வார்கள். நிர்வாகத்துக்கு இந்துக் கோயிலில் குடிக்கொரு வண்ணக்கர், பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார். கல்யாணத்தில் தாலியும் குரவையும் இரு பக்கமும் இருந்தன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரால் கொடியேறும். பண்பாட்டுச் சரக்கைத் தராசில் வைத்தால் காத்தான்குடி முஸ்லிமும் ஆரையம்பதி இந்துவும் ஒரு தட்டில் நிற்பார்கள். கொழும்பு முஸ்லிமும் யாழ்ப்பாண இந்துவும் வேறு வேறு தட்டுகளில் நிற்பார்கள். அரசியல் அந்தத் தராசைக் கையில் எடுக்கவேயில்லை.

தமிழரசுக் கட்சி ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடரைத் தேர்ந்தெடுத்தது முஸ்லிம்களை மனத்தில் வைத்துத்தான். நல்லெண்ணம் கொண்ட தொடர். ஆனால் 1885இன் எதிரொலி அதில் கேட்டது. 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தபோது சோனகர் தலைவர்களில் முக்கியமான ராசிக் ஃபரீத் அதை ஆதரித்தார். தாய்மொழிக்குத் துரோகம் என்று தமிழ் மேடைகள் கொதித்தன. அவர் பக்கத்துக் கணக்கு வேறு: முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் சிங்களப் பெரும்பான்மை ஊர்களில் கடை வைத்தும் பயிர் செய்தும் வாழ்ந்தனர். கிழக்கில் முஸ்லிம் வேட்பாளர்கள் தமிழரசுக் கட்சியின் பெயரில் வென்றதும் உண்டு, வென்றபின் ஆளும் பக்கம் போனதும் உண்டு. தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு தன்மைப் பன்மை இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது ஒன்று, விலக்கி வைப்பது மற்றொன்று. மேடையில் ஒருவர் ‘நாம்’ என்றார். எதிரே இருந்தவர் வீடு திரும்பி ‘நாங்கள்’ என்றார். பிரிந்து நிற்பதற்கான இலக்கணத்தையும் பொதுமொழியே தந்தது.

எம்.எச்.எம். அஷ்ரஃப் 1970களில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு நின்றவர். 1981இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கினார். தமிழில் கவிதை எழுதியவர், தமிழருக்கு அப்பாற்பட்ட கட்சி ஒன்றை உருவாக்கினார். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள்; ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். ஒலிபெருக்கி அறிவிப்பு தமிழில் இருந்தது, எல்லோருக்கும் விளங்கியது. புத்தளத்தில் தஞ்சம் புகுந்தவர்களை அங்குள்ள முஸ்லிம்களே நெடுநாள் அகதிகள் என்றுதான் அழைத்தார்கள். மதம் ஒன்றாக இருந்தும் பேச்சிலும் ஊர்ப்பற்றிலும் அவர்கள் வடக்கத்தியாராகவே தெரிந்தனர்.

இக்கரையில் கதை வேறு திசையில் போனதற்கும் காரணங்கள் உண்டு. இந்தியக் கணக்கெடுப்பு மதத்தைக் கேட்கும், தாய்மொழியைக் கேட்கும்; இலங்கையைப் போல் இனம் என்றொரு கட்டம் அதில் இல்லை. 2011இல் தமிழ்நாட்டு மக்களில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம், இவர்களில் உருது பேசுவோரும் உள்ளதால், இராவுத்தருக்கும் மரைக்காயருக்கும் லெப்பைக்கும் தம்மைத் ‘தமிழ் முஸ்லிம்’ என்று வேறுபடுத்திச் சொல்ல வேண்டிய தேவை இருந்தது. தமிழர் என்பதற்கு எதிர்ச்சொல் இங்கே வடவர். இலங்கையில் எதிர்ச்சொல் சிங்களர். மூன்றாமவருக்கு ஒரு கரையில் இடம் உள்ளே கிடைத்தது, மறுகரையில் நடுவே கிடைத்தது. திராவிட இயக்க மேடைகள் மீலாது விழாக்களிலும் ஏறின. இந்த வேறுபாடு அறிஞர்களைப் பிரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கைச் சோனகரான ம.மு. உவைஸ் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக இருந்து அதன் வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். இன்று இரு நாட்டு மாணவரும் புரட்டும் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ எம்.ஏ. நுஃமானுடையது, அவரும் கிழக்கிலங்கை முஸ்லிம்.

கடந்த நாற்பது ஆண்டுகளில் உள்ளிருந்தே மாற்றம் வந்திருக்கிறது. வளைகுடா வேலையும் சீர்திருத்த இயக்கங்களும் சேர்ந்து, சேலை முந்தானையைத் தலைக்கு இழுத்த இடத்தில் அபாயாவைக் கொண்டுவந்தன. உதுமாலெப்பை, மீராலெப்பை, ஆதம்பாவா என்று தமிழ் நாவுக்கு ஏற்பத் தேய்ந்த பெயர்கள் தாத்தாக்களோடு நின்றன. பேரர்களின் பெயர்களில் அரபு ஒலிப்பு கவனமாகக் காக்கப்படுகிறது. தாலியும் குரவையும் கந்தூரியும் பல ஊர்களில் குறைந்தன. கிழக்கில் தமிழரோடு பகிர்ந்த சரக்கு இவ்வாறு குறைய, தெற்கிலும் மத்தியிலும் மொழியே நழுவுகிறது: சிங்கள வழியில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள், சில பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் சிங்களத்தில் நடக்கிறது. அதனால் அவர்களைச் சிங்களர் என்று யாரும் சொல்வதில்லை. சிங்களப் பேச்சில் முஸ்லிமை இழித்துச் சொல்லும் ‘தம்பியா’ தமிழ்த் தம்பியிலிருந்து வந்தது. அன்பாக அழைக்கும் உறவுச் சொல் எல்லை தாண்டியதும் வசைச் சொல்லானது. தமிழில் எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பிள்ளைகளும் சிங்களத்திலேயே பேசும்போது தந்தையை வாப்பா என்கிறார்கள், தாயை உம்மா என்கிறார்கள், கடைக்காரரை நானா என்கிறார்கள்.